மலைக்கும் குடவோலை வேண்டும்

அகத்திய முனிவர் வாசம் செய்த மலையென்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த பொதிகையின் சிகரத்தை, கேரளத்தார் அகஸ்தியர்கூடம் என்று வழங்கும் 1,868 மீட்டர் உயரமான அந்தக் கொடுமுடியை, ஆயுளில் ஒருமுறையேனும் நடந்து சென்று தரிசிக்க வேண்டும் என்று ஆசை கொள்ளும் தமிழர், இன்று பாபநாசத்துக் காட்டு வழியாக அங்கே போக இயலாது. அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உட்பகுதி. தாமிரபரணி உற்பத்தியாகும் அந்த ஆரணியத்தை மனித சஞ்சாரமின்றி விட்டுவைக்க வேண்டும் என்பது வனத்துறையின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தில் எனக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. எஞ்சி நிற்கும் மார்க்கம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், போணக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வனத்துறைச் சாவடியிலிருந்து தொடங்குகிறது. பொங்கலை ஒட்டிய சில வாரங்களுக்கு மட்டும், நாளொன்றுக்கு 100 பேர் என்ற வரம்புக்கு உட்பட்டு, கேரள வனத்துறை அந்த வழியைத் திறந்துவிடுகிறது.

முதல் நாள் பகல் முழுவதும் ஓடைகளையும் புல்வெளிகளையும் கடந்து நடந்து அதிருமலை முகாமை அடைந்து, அங்கே இரவைக் கழித்து, மறுநாள் விடியலில் பொங்காலப் பாறை வழியாக, கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டிய செங்குத்தான பாறைகளையும் தாண்டினால்தான் சிகரத்திலுள்ள அகத்தியர் திருமேனியைக் காண முடியும். ஆகவே இது ஒரு பகலில் போய்த் திரும்பும் உல்லாசப் பிரயாணம் அன்று. காட்டுக்குள் தங்கியே தீர வேண்டிய யாத்திரை. தங்குவதற்கு இருப்பது ஒரே முகாம். அந்த முகாமின் நூறு இடங்களுக்குத்தான் இத்தனை போட்டியும். முன்பதிவு தொடங்கும் தேதியையும் மணியையும் வனத்துறை முன்னதாகவே அறிவிக்கிறது. தொடங்கிய சில மணி நேரத்துக்குள் இடங்கள் தீர்ந்துபோவது ஆண்டுதோறும் நிகழும் காரியமாகிவிட்டது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களை விலக்கி வைப்பது தகாது என்று தீர்ப்பளித்தபின், விண்ணப்பிக்கும் உரிமை சமுதாயத்தின் மறுபாதிக்கும் கிடைத்தது; அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற அரசு அதிகாரி அந்தப் பருவத்தின் முதல் பெண்ணாகச் சிகரம் ஏறினார். நாளொன்றுக்கான வரம்பு மட்டும் அதே நூறுதான்.

அந்த நூறு நூறாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியே என் விண்ணப்பம்.

முந்தியவருக்கு முதலிடம் என்ற விதி, வெளிப்பார்வைக்கு நியாயமானதாகவே தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கிறது, முதலில் வந்தவர் உள்ளே போகிறார், இதில் யாருக்கு என்ன பட்சபாதம் என்று கேட்கத் தோன்றும். ஒரு திருமணப் பந்தியில் அந்த விதி செல்லும்; பிந்தியவருக்கு அடுத்த பந்தி உண்டு. அடுத்த பந்தியே இல்லாத இடத்தில், முந்துவதற்கான சாதனங்கள் சிலரிடம் மிகுதியாகவும் பலரிடம் அறவே இல்லாமலும் இருக்கும் நாட்டில், அது நியாயத்தின் வேஷம் போட்ட அநியாயமாகிவிடுகிறது. நகரத்து அலுவலகத்தில் வேகமான இணைய இணைப்பும் இரண்டு மூன்று திரைகளும் வங்கி அட்டையும் கைவசம் வைத்துக்கொண்டு, காலை பதினொரு மணிக்கு மேசையை விட்டு எழாமலே நாலு நண்பர்களுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடக்கூடியவர் ஒருவர். அதே பதினொரு மணிக்கு மணிலாக் காட்டில் களை எடுத்துக்கொண்டோ, தையல் கடையில் மிஷினை மிதித்துக்கொண்டோ, பேருந்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டோ இருப்பவர் இன்னொருவர். மலையின் மேல் உள்ள பக்தியும் நடக்கும் திராணியும் இருவருக்கும் சமமாக இருக்கலாம். இரண்டாமவருக்கு அதிகமாகவே இருக்கலாம். விதி அவரை ஒருகாலும் உள்ளே விடப்போவதில்லை.

என் தமக்கையின் மகன் செஞ்சிக்கு வேலைக்குப் போய்வருகிறவன். மலை ஏறுவதில் தீராத ஆவல் கொண்ட அவன், எந்த மலை என்று நான் இங்கே சொல்ல விரும்பாத ஒரு மலைக்காக, அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பெயர்களையும் ஆதார் எண்களையும் பிழையின்றித் தட்டச்சு செய்து, பணம் கட்டும் கட்டத்தில் கைப்பேசிக்கு வரவேண்டிய ஓடிபி வருவதற்குள் இடங்கள் முடிந்துவிட்டன என்ற செய்தியைத் திரையில் கண்டு திரும்பி வந்தான். "மாமா, மலை ஏறுறதுக்குக் கால்ல வேகம் வேணும்னு நெனச்சேன், வெரல்ல வேணுமாம்" என்று அவன் சொன்னபோது அவனுக்குச் சொல்ல என்னிடம் சமாதானம் ஒன்றும் இருக்கவில்லை.

வரம்பே வேண்டாம், முன்பதிவே வேண்டாம், காடு எல்லோருக்கும் பொது என்று வாதிக்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுடன் நான் சேர முடியாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்து கிடந்த புற்சரிவில் பரவிய காட்டுத்தீயில் அகப்பட்டு, நடைப்பயணம் சென்றவர்களில் 23 பேர் மாண்டதை இந்த நாடு மறக்கலாகாது. யார் எந்த வழியாக எத்தனை பேராக எப்போது மலைக்குள் போகிறார்கள் என்பதை அறிந்து, தீப் பருவத்தில் தடுத்து, வழிகாட்டியோடு அனுப்பும் ஒழுங்கு அப்போது உறுதியாக இருக்கவில்லை. தமிழ்நாட்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் பிறந்ததே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் காட்டை ஒட்டிய ஒரு தனியார் கூடார முகாமில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். இடம் பார்த்து, எண்ணிக்கை பார்த்து, காவல் பார்த்து அமைக்கப்படாத முகாம் மனிதனுக்கும் மிருகத்துக்கும் ஒருங்கே ஆபத்து. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானதையும், அடுத்த கோடையில் அந்த எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பட்டதையும் வாசகர்கள் அறிவார்கள். மலைகள் தாங்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு.

தமிழக அரசும் இந்தத் துறையில் ஓர் உருப்படியான முயற்சி செய்திருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து, 14 மாவட்டங்களில் 40 நடைவழிகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் போய்வரும் ஏற்பாட்டைத் தொடங்கின. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை முதல் கோத்தகிரி லாங்வுட் சோலை, டாப்ஸ்லிப், வெள்ளியங்கிரி வரை அந்தப் பட்டியலில் உண்டு. மலையடிவாரத்துக் கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைத்திருக்கிறது. இது மனமாரப் பாராட்டத்தக்கது. ஆனால் வெள்ளியங்கிரி நடைக்கு முதலில் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டிய கட்டணம் அறிவிக்கப்பட்டபோது ஜனங்களிடையே எழுந்த அதிருப்தியும், பின்னர் கட்டணங்கள் குறைக்கப்பட்டதும், விலை என்ற சல்லடையைப் பற்றி நமக்கு ஒரு பாடம் சொல்லியிருக்க வேண்டும். பூண்டி அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு மாசியிலும் சித்திரையிலும் கம்பை ஊன்றிக்கொண்டு ஏழு மலையும் ஏறும் ஏழை பக்தன் அதே ஈசனைக் காசு கொடாமல் தரிசித்து வருகிறான் அல்லவா? ஆசைப்படுவோர் மிகுந்து இடங்கள் குறைந்திருக்கும்போது விலையைக் கூட்டிப் போட்டியைத் தணிப்பது வியாபாரிக்கு உகந்த வழி. காட்டின் அறங்காவலராக இருக்கும் அரசாங்கத்துக்கு அது உகந்ததன்று.

ஆக, விலையால் வடிகட்டுவது தகாது, விரல் வேகத்தால் வடிகட்டுவதும் தகாது என்றால் வேறு எதனால்தான் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. எங்கள் தொண்டூரிலிருந்து வந்தவாசி வழியாகப் புறப்பட்டால் அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலை என்றால் பள்ளிப் பாடத்தில் படித்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். அதன் நுணுக்கங்களை நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. ஊர்ச் சபையின் வாரியங்கள் என்னும் காரியக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டிக் குடத்திலிட்டு, சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பிப்பார்கள். அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றபின் வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே மீண்டும் வாசிக்க வேண்டும். ஐந்து விரலையும் விரிக்கச் சொன்ன அந்தக் கட்டளையில் எத்தனை அநுபவம் பொதிந்திருக்கிறது! மறைத்து வைத்த வேறோர் ஓலையைக் கைமாற்றிவிடுவார்களோ என்ற சந்தேகத்துக்குக்கூட இடம் வைக்கக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே அவர்கள் யோசித்திருக்கிறார்கள். இன்று ஓர் இணையதளம் திறந்த சில நிமிஷத்தில் எல்லா இடமும் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்படும்போது, உண்மையில் முறைகேடு ஒன்றும் நடக்காதிருந்தாலுங்கூட, ஜனங்கள் சந்தேகப்படத்தான் செய்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்க அங்கே விரிந்த கை ஒன்றும் இல்லை.

அந்தச் சாசனத்தில் என்னை மிகவும் கவர்ந்த விதிகள் வேறு இரண்டு. வாரியம் செய்தவர்கள் மூன்று வருஷம் கழியும்வரை மறுபடி குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர்கள் என்பது ஒன்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் அறவே தகுதியற்றவர்கள் என்பது மற்றொன்று. இவற்றை அப்படியே மலைக்குக் கொண்டுவரலாம். ஒருமுறை அதிருமலையில் தங்கிச் சிகரம் ஏறி வந்தவர், மூன்று ஆண்டு பொறுத்திருந்து, இதுவரை போகாதவர்களுக்கு வழிவிட வேண்டும். இடம் பெற்றும் காரணமின்றிப் போகாமல் இருந்து பிறர் போகும் வாய்ப்பையும் கெடுத்தவரும், காட்டில் பிளாஸ்டிக் குப்பையைப் போட்டுவிட்டு வந்தவரும், கணக்குக் காட்டாத வாரியத்தாரைப் போலவே விலக்கி வைக்கப்பட வேண்டும். குடவோலையை அப்பழுக்கற்ற ஜனநாயகம் என்று நான் புகழ வரவில்லை. இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேத சாஸ்திரப் பயிற்சியும் உள்ள ஆடவர்க்கே அங்கே பெயர் எழுதினார்கள் என்பதும், உழைத்துச் சோறிட்ட எத்தனையோ பேருக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதும் உண்மை. குடத்தின் வாயை இன்று எல்லோருக்கும் அகலத் திறந்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொள்வோம்.

சீட்டுப் போட்டு எடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதிகாரிகள் சொல்வார்களேயானால், அரசாங்கமே அதை எத்தனையோ காரியங்களில் செய்து வருகிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கென ஒதுக்கிய 25 சதவிகித இடங்களுக்கு விண்ணப்பங்கள் மிகுந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் நடக்கிறது. ஹஜ் யாத்திரைக்குப் போகிறவர்களை ஹஜ் கமிட்டி குலுக்கல் மூலம் தேர்ந்தெடுப்பதை நம் முஸ்லிம் சகோதரர்கள் நன்கறிவார்கள். கைலாச மானசரோவர யாத்திரை சில ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025இல் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பித்த 5,561 பேரிலிருந்து 750 பேரை வெளியுறவு அமைச்சகம் கணினிக் குலுக்கலில்தான் எடுத்தது. கைலாசத்துக்குச் சரியாக இருப்பது பொதிகைக்கும் வெள்ளியங்கிரிக்கும் எப்படிச் சரியில்லாமல் போகும்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இன்யோ தேசிய வனத்திலுள்ள விட்னி சிகரத்துக்கும் இதே முறைதான். கோடைப் பருவத்தில் ஒரு நாளைக்கு 100 பகல்நேரப் பிரயாணிகளும் 60 இரவு தங்குவோரும் என்று அங்கே வரம்பு. பிப்ரவரி மாதம் முழுவதும் விண்ணப்பம் வாங்கி, பிறகு குலுக்கல் நடத்தி, இடம் கிடைத்தும் குறித்த தேதிக்குள் உறுதி செய்யாதவர்களுடைய இடங்களை மீண்டும் பொதுவில் விடுகிறார்கள். அதே மாநிலத்து யோசெமிட்டி பள்ளத்தாக்கில் முந்தியவருக்கே முகாம் என்ற விதிப்படி பதிவு நடக்கும் காலை ஏழு மணிக்கு என்ன நேர்கிறது என்றால், சில நிமிஷங்களில் எல்லாம் தீர்ந்துபோகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது மரியாதையான முறை என்பது விளங்கும்.

வேகத்துக்குப் பூட்டுப் போட ரயில்வேயார் பட்ட பாட்டையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தட்கல் டிக்கெட்டுகளை மென்பொருள் கொண்டு மொத்தமாக வாரிக்கொண்டு போகிறவர்களைத் தடுக்க, 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளை விலக்கியும் வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேகமே பரிசாக இருக்கும்வரை வேகத்தை விலைக்கு விற்கிறவர் எங்கிருந்தாவது முளைத்துக்கொண்டுதான் இருப்பார். இரண்டு வாரம் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் போடும் இடத்தில் முதல் நாள் காலையில் எழுதியவனுக்கும் கடைசி நாள் மாலையில் எழுதியவனுக்கும் பேதம் இல்லை. களை எடுத்து முடித்து, கைகால் கழுவிக்கொண்டு, இ-சேவை மையத்துக்கு நடந்து போய் விண்ணப்பித்தால் போதும்.

ஆசையே இல்லாதவனும் சும்மா பெயரைக் கொடுத்து வைப்பானே, உண்மையான மலை நேசனுக்கும் அவனுக்கும் ஒரே சீட்டா என்ற ஆட்சேபத்தில் கொஞ்சம் சாரம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு திருப்பித் தரக்கூடிய ஒரு சிறு தொகையை வாங்குவதாலும், மருத்துவச் சான்றிதழ் கேட்பதாலும், மேலே சொன்ன விலக்கு விதியாலும் அந்தத் தொந்தரவு பெரிதும் குறையும். எஞ்சுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தே போக விரும்பினால் நாலு பெயரையும் ஒரே சீட்டில் எழுத அனுமதிப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

குலுக்கலோடு இன்னொரு காரியமும் சேர வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஒவ்வொரு மலையிலும் ஒரு பங்கு இடங்கள், பத்தில் இரண்டு என்று வைத்துக்கொள்வோம், அந்த மலையடிவாரத்து ஊர்களின் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். சொந்த ஊர் மலையைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்து வளர்கிற பிள்ளை, அந்த மலையில் தீ வைக்கிறவனை நாளைக்குத் தடுப்பான் என்று எதிர்பார்ப்பது எப்படி? விரியனையும் சாரையையும் பேதம் அறியாமல், வேங்கையையும் வெப்பாலையையும் பெயர் சொல்லத் தெரியாமல் ஒரு தலைமுறை மலையடியிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. பழங்குடி வழிகாட்டி ஒருவருடன் ஓர் இரவு காட்டில் தங்கி, அவர் சொல்லக் கேட்டு, விடிந்ததும் இறங்கி வருகிற ஒரு மாணவனிடம் அந்தக் காட்டுக்கு ஆயுள் முழுவதற்கும் ஒரு காவலாளி கிடைத்துவிடுகிறான்.

இவ்வளவையும் தொண்டூரில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ப் பஞ்சனாம்பாடிக் குன்றில் இயற்கையான குகைத்தளம் ஒன்றில் சமண முனிவர்கள் தங்குவதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அருகில் பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கணித்தார். இளங்காயிபன் என்பவர் ஏவ, மோசி என்பவர் செய்வித்த தங்குமிடம் என்பது அதன் செய்தி. அதில் வரும் அகழூர் இன்றும் பக்கத்து ஊராக அகலூர் என்ற பெயரோடு நிலைத்திருக்கிறது. மலையில் ஓர் இரவு தலை சாய்க்க இடம் தருவது இந்தப் பிரதேசத்தில் தர்மமாகக் கருதப்பட்டு ஏறக்குறைய ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரை இந்தச் சுற்றுப்புறத்து மலைகள்தாம் தாங்கின. அவருக்கு அந்தப் பாறையில் இடம் கிடைத்தது எந்தப் போட்டியில் முந்தியதாலும் அல்ல.

2025 ஜூலை 11ஆம் தேதி பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் குழு, மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் கோட்டைகள் பன்னிரண்டை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. 1677இல் சிவாஜி கைப்பற்றியதும், அவர் புதல்வர் ராஜாராம் ஏழெட்டு வருஷம் முகலாயர் முற்றுகையைத் தாங்கி நின்றதும், தேசிங்கின் கதையும் இனி உலகத்தாருக்கும் தெரியவரும். ஜனங்கள் வருவார்கள், வரட்டும். கோட்டைக் குன்றுகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தொல்லியல் துறையின் வசம் இருப்பதால் மாலைக்குள் கதவடைத்து விடுகிறார்கள். ஆனால் கோட்டையைப் பார்த்துவிட்ட கண் அடுத்தபடியாகப் பக்கமலைக் காப்புக்காட்டின் பக்கம் திரும்பும். அங்கே நடைவழி வேண்டும், கூடாரம் வேண்டும், இரவு தங்க வேண்டும் என்ற கோரிக்கைகள் எழும். அரசு முதலில் அறிவித்த 40 வழிகளில் எங்கள் மாவட்டத்து மலை எதுவும் இல்லாதபோதிலும், நாளைக்குச் சேர்க்கப்படக்கூடும். கோடையில் சருகு காய்ந்து கிடக்கும் இந்தக் குறுங்காட்டு மலைகளில் ஒரு பீடித் துண்டு போதும். குரங்கணியை நாம் இங்கே காண வேண்டியதில்லை. ஆகையால் திறப்பதற்கு முன்பே விதி எழுதப்பட வேண்டும். எத்தனை பேர், எந்த மாதங்களில், யாருடைய வழிகாட்டுதலில் என்பதோடு, யார் என்பதை எப்படித் தீர்மானிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். திறந்தபின் திருத்துவது அநேகமாக நடக்கிற காரியமல்ல. ஏனென்றால் அதற்குள் அந்த முறையினால் லாபமடைந்தவர்கள் ஒரு கூட்டமாகிவிடுவார்கள்.

தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தார் வருகிற பருவத்துக்கு ஒரே ஒரு வழியில், மிகுந்த போட்டி உள்ள ஒன்றில், குலுக்கல் முறையைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதிருமலை முகாமுக்கும் அதையே செய்யும்படி கேரள வனத்துறைக்கு நம் அரசாங்கம் எழுதலாம், அங்கே ஏறுகிறவர்களில் தமிழரும் உண்டு. செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்களைச் சேர்ந்த வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் நேரானது. ஜனவரி 26ஆம் தேதி உங்கள் ஊரில் கிராம சபை கூடும். பக்கமலையில் நடைவழியோ முகாமோ அமையுமானால் இடங்கள் குலுக்கலில்தான் ஒதுக்கப்பட வேண்டும், அவற்றில் ஒரு பங்கு இந்த வட்டத்து மாணவர்களுக்கு இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுபோய் அன்றைக்கு முன்மொழியுங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் நகலை மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருங்கள்.